கடன் கேட்காத விதை

வணக்கம் ஐயா,

என் ஊர் பேரையூர் வட்டத்தில் ஒரு கரிசல் கிராமம். மதுரை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்து பயிர் இனப்பெருக்கம் மற்றும் மரபியல் துறையில் முதுநிலை படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. வீட்டில் இரண்டு எதிர்ப்புகள். வங்கியில் வேளாண் அலுவலர் வேலைக்குத் தேர்வு எழுது என்கிறார் அப்பா. அவரை எப்படியாவது சமாளித்துவிடுவேன். தாத்தாவிடம்தான் பதில் சொல்ல முடியவில்லை. "உங்கள் படிப்புதான் எங்கள் விதையைக் கொண்டுபோய்விட்டது" என்கிறார். கருங்கண்ணிப் பருத்தி போட்ட காலத்தில் விதைக்கென்று ஒரு பைசா செலவழித்ததில்லையாம். இப்போது வருடா வருடம் கடையில் பாக்கெட் வாங்குகிறோம். குதிரைவாலி விளைந்த காட்டில் மக்காச்சோளம் நிற்கிறது.

கிராமப்புறப் பணி அனுபவத்துக்காக நாங்கள் மேலூர்ப் பக்கம் தங்கியிருந்தபோது, விதைப்பதற்கு முன் விதையைப் பக்குவப்படுத்தும் விதை நேர்த்தியைச் செய்து காட்டினேன். முடிந்ததும் ஒரு பெரியவர், "எல்லாம் நன்றாகச் சொன்னாய் தாயி, இதற்கு எவ்வளவு ஆகும்?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

தாவர விஞ்ஞானி ஒருவரால் ஏழை விவசாயிக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா? அல்லது அது விழா மேடைக்கான பேச்சு மட்டும்தானா? பசுமைப் புரட்சியை முன்னின்று நடத்திய எம்.எஸ். சுவாமிநாதனைப் பற்றி எங்கள் கல்லூரியில் ஒரு விதமாகப் பேசுகிறார்கள். இயற்கை வேளாண்மைக் கூட்டங்களுக்குப் போனால் நேர்மாறாகப் பேசுகிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள மாணவிக்கு,

முடியும். செய்தும் இருக்கிறார்கள். ஆனால் எல்லா ஆராய்ச்சியும் ஏழை விவசாயிக்கு உதவுவதில்லை. உதவாததற்குக் காரணம் பெரும்பாலும் விஞ்ஞானியின் மனக்கோணல் அல்ல. அந்த வேறுபாடு எங்கே உண்டாகிறது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். நான் கதை எழுதுகிறவன், வேளாண்மை படித்தவன் அல்ல. இந்த மாவட்டத்தில் பிறந்து, விவசாயிகளோடும் வேளாண் கல்லூரிக்காரர்களோடும் பழகி, கையில் கிடைத்ததை எல்லாம் படித்தவன் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தாவின் வழக்கை முதலில் விசாரிப்போம். அவர் சொல்லும் குற்றம் உண்மை. குற்றவாளியைத்தான் சற்று அவசரமாகப் பிடித்துவிட்டார்.

கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. ஆழமாக வேர்விடும், கரிசலின் அடி ஈரத்தைக் குடித்தே நிற்கும், உரம் கேட்காது. அதன் பஞ்சு குட்டை இழை. ஆலைகள் நீள இழை கேட்கத் தொடங்கியபோது சந்தையில் அதன் மதிப்பு விழுந்தது. அந்தப் பருத்தியைக் காப்பாற்ற முயன்றவர்களில் விஞ்ஞானிகளும் உண்டு. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் பல தலைமுறைகளாகக் கருங்கண்ணியில் தேர்வு செய்து 'கே' வரிசை ரகங்களைக் கொடுத்தது. அவை எல்லாம் ரகங்கள். விவசாயி ஒருமுறை வாங்கினால் அடுத்த ஆண்டு தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம்.

முறை மாறியது வீரிய ஒட்டுகள், அதாவது இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து எடுக்கும் விதைகள், வந்தபோது. உலகின் முதல் வணிகப் பருத்தி வீரிய ஒட்டு 1970-ல் குஜராத்தின் சூரத் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்த எச்-4. நல்ல விளைச்சல்தான். ஆனால் வீரிய ஒட்டின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் இரண்டாம் தலைமுறையில் பண்புகள் சிதறிப்போகும். ஒரு செடி நெட்டையாக நிற்கும், பக்கத்துச் செடி குட்டையாக நிற்கும், காய் ஒரே நேரத்தில் வெடிக்காது. ஆகவே வருடா வருடம் கடைக்குப் போக வேண்டும். 2002-ல், காய்ப்புழுவைக் கொல்லும் மரபணுவைப் புகுத்திய பி.டி. பருத்தி அனுமதிக்கப்பட்டபோது அந்த மரபணு நம் நாட்டில் பெரும்பாலும் வீரிய ஒட்டுகளுக்குள் வைத்தே விற்கப்பட்டது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே மரபணு சாதாரண ரகங்களில் இருந்தது. ஒரே விஞ்ஞானம் இரண்டு விதமான பையில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பை என்பதை முடிவு செய்தது விதை வியாபாரத்தின் கணக்கு. நாக்பூரிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம், சேமித்து விதைக்கக்கூடிய ஒரு பி.டி. ரகத்தைக் கொண்டுவந்தது. அதிலிருந்த மரபணு யாருடையது என்ற சிக்கல் எழுந்து சில காலத்திலேயே அது நின்றுபோனது. உங்கள் தாத்தாவின் கோபம் வந்து சேர வேண்டிய முகவரி இங்கே எங்கோ இருக்கிறது. அவர் அதைப் பேத்தி படிக்கும் கல்லூரியின் வாசலில் இறக்கி வைக்கிறார்.

குதிரைவாலி வேறு கதை. அதன் விதையை யாரும் பறிக்கவில்லை. திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடிப் பக்கத்துப் பெண்கள் உலக்கையைக் கீழே போட்டார்கள், அவ்வளவுதான். அதன் உமி அரிசியோடு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். குத்திப் புடைத்து ஒரு வேளைச் சோறாக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். ரேஷன் கடையில் நெல்லரிசி கிடைத்தபின் அந்த வேலையை எதற்காகச் செய்ய வேண்டும்? பாரம்பரிய உணவு பற்றி மேடையில் உருகுகிற ஆண்கள் அந்த உலக்கையைப் பிடித்துப் பார்த்ததில்லை. இங்கே விஞ்ஞானிகள் மேல் குறை சொல்ல வேண்டுமென்றால், வெகுகாலம் இந்தப் பயிரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான். பணமும் ஆட்களும் நெல்லுக்கும் கோதுமைக்கும் போயின. பிறகு உங்கள் கல்லூரியிலிருந்தே எம்.டி.யு. 1 என்ற குதிரைவாலி ரகம் வந்தது. அருப்புக்கோட்டை வட்டாரத்து நாட்டுக் குதிரைவாலியிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஏறக்குறைய நூறு நாளில் கதிர் அறுக்கலாம். அதாவது உங்கள் தாத்தாவைப் போன்ற யாரோ ஒருவர் வீட்டுப் பானையில் வைத்திருந்த விதைதான் கல்லூரி வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது. இதைத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் யோசிப்பார்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பக்கத்து வீட்டுக்காரரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. வணிகப் பெயரிட்ட பையில் போட்டு விற்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. விவசாயிகள் தலைமுறைகளாகப் பேணிய ரகத்தை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் வழி இருக்கிறது. தாத்தாவிடம் கருங்கண்ணி விதை இன்னும் மிச்சம் இருக்குமானால் நூறு விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். முளைத்தால் பாதியை வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியை ஊர், மண், விதைக்கும் மாதம், வைத்திருந்தவர் பெயர் எல்லாம் எழுதிக் கல்லூரியில் கொடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல் விஞ்ஞானி ராமையா பெயரில் ஒரு மரபணு வங்கி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது மேலூர்ப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். நீங்களோ அதை ஒரு வருத்தமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறீர்கள். "இதற்கு எவ்வளவு ஆகும்?" அவர் உங்கள் விஞ்ஞானத்தைச் சந்தேகப்படவில்லை. அது தன் வயலுக்குள் வர எவ்வளவு கடன் வாங்க வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு ஆராய்ச்சியின் முன்னாலும் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். ஏழைக்கு உதவியது எது, உதவாதது எது என்று தானாகப் பிரிந்துவிடும்.

நெல்லிலிருந்து ஒரு உதாரணம். 1921-ல் கோயம்புத்தூரிலிருந்து ஜி.இ.பி. 24 என்ற நெல் ரகம் வந்தது. நாம் கிச்சிலிச் சம்பா என்று சாப்பிட்டோமே, அதுதான். அதைக் கோ 18 என்ற ரகத்தோடு ஒட்டி, திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூர்க்குப்பம் நிலையம் டி.கே.எம். 6 என்ற ரகத்தை உண்டாக்கியது. தண்டுத்துளைப்பான் பூச்சி அதை அவ்வளவாகத் தொடாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த டி.கே.எம். 6-ஐப் பெற்றோர்களில் ஒன்றாக வைத்துத்தான் ஐ.ஆர். 20-ஐ உருவாக்கியது. பெரியாறு பாசனத்தில் ஒரு தலைமுறையே ஐ.ஆர். 20 போட்டது. இன்றைக்கும் வயதானவர்கள் 'இருபது' என்று எண்ணை மட்டும் சொல்வார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1970 வாக்கில் ஆசியாவின் நெல் வயல்களைப் புகையான் பூச்சியும் அது பரப்பும் புல் குட்டை நோயும் அழித்துக்கொண்டிருந்தன. அதே நிறுவனத்தில் குர்தேவ் குஷ் என்ற விஞ்ஞானியின் தலைமையிலான குழு, விதை வங்கியிலிருந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. அந்த நோய்க்கு மசியாதது ஒன்றே ஒன்று கிடைத்தது. உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல், ஒரைசா நிவாரா. சோற்றுக்கு உதவாத புல். அந்தக் குணத்தைத் திரும்பத் திரும்பக் கலந்து பயிர் நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். டி.கே.எம். 6-இன் இரத்தமும் சேர்ந்து 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. 1980-களில் உலகில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அந்த ஒரு ரகம் நின்றது. அதைப் போட்ட விவசாயிகளில் பெரும்பாலோர் குஷ்ஷின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட வேண்டிய அவசியமும் இல்லை. மருந்துக் கடையில் கணக்கு ஏறாமல் மருந்து விதைக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு குழி வைத்திருப்பவனுக்கும் இருபது ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் அது ஒரே விலை.

இதில் ஒரு தொல்லை உண்டு. பூச்சியும் சும்மா இருப்பதில்லை. சில ஆண்டுகளில் புகையான் தன்னை மாற்றிக்கொண்டு எதிர்ப்பு ரகத்தையும் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே அடுத்த ரகம் தயாராக இருக்க வேண்டும். ஒரு நெல் ரகத்துக்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். பூவின் மகரந்தப் பைகளை முதல் நாளே கத்தரித்து, காகித உறை மாட்டி, மறுநாள் காலை வேறொரு கதிரைத் தட்டுவதில் தொடங்கி, ஆறேழு தலைமுறை சிதறல்களை வடிகட்டி, நிலையச் சோதனை, பல இடச் சோதனை, விவசாயி வயலில் சோதனை என்று போக வேண்டும். புகழ் வேண்டுமென்றால் இது சரியான தொழில் அல்ல.

விதை ஒரு வழி. இன்னொன்றைச் சொல்கிறேன். இது உங்கள் துறை அல்ல, பூச்சியியல்காரர்களின் வேலை. ஆனாலும் தமிழ்நாட்டில் இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று எதையும் விடவில்லை. உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. விவசாயிகள் மருந்து அடித்தார்கள், பூச்சி இருந்தது. இன்னும் கடுமையான மருந்து அடித்தார்கள், பூச்சியைத் தின்ன வந்த நல்ல பூச்சிகள் செத்தன. கடையில் கடன் ஏறியது.

அந்தப் பூச்சியின் சொந்த ஊரில் அது ஏன் இப்படி ஆட்டம் போடுவதில்லை என்று யோசித்தவர்கள் விஞ்ஞானிகள். அங்கே அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு குட்டிக் குளவி இருக்கிறது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவியைக் கொண்டுவந்து, வேறு எதையும் தாக்காது என்று உறுதி செய்துகொண்டு, ஆய்வகங்களில் பெருக்கி, தமிழ்நாடு முழுவதும் வயல்களில் விட்டார்கள். குளவி பெருகிப் பரவியது. பூச்சி அடங்கியது. விவசாயி எதையும் வாங்கவில்லை, எதையும் தெளிக்கவில்லை. குளவி யாருடைய வரப்பையும் பார்த்துப் பறப்பதில்லை அல்லவா.

பத்து ஆண்டு கழித்து மரவள்ளி மாவுப்பூச்சி வந்தது. 2020-ல் கேரளத்தில் முதலில் கண்டார்கள், பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகள் சுருண்டன. இதற்கும் விடை ஏற்கெனவே இருந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சி கோடிக்கணக்கானவர்களின் உணவுக் கிழங்கை அழித்தபோது, பராகுவேயில் கண்டெடுத்த ஒரு குளவியைப் பெருக்கி நாடு நாடாக விட்டது ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் தலைமையிலான குழு. அதற்காக அவருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து 2022-ல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர் நிலையத்தின் வழியாக நம் வயல்களில் விட்டார்கள். இந்தச் செய்தி எத்தனை நாளிதழ்களில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு நடிகரின் பிறந்த நாளுக்கு ஒதுக்கும் இடம்கூட அதற்குக் கிடைத்திருக்காது.

சரி, சுவாமிநாதன். நீங்கள் கேட்கும் இரண்டு விதப் பேச்சும் எனக்குப் பழக்கம்தான். ஒரு பக்கம் அவரைத் தெய்வமாக்குகிறார்கள். மறுபக்கம் மண்ணைக் கெடுத்தவர் என்கிறார்கள். இரண்டு கூட்டமும் படிக்காத ஒன்று, 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில் அவர் பேசிய பேச்சு. பசுமைப் புரட்சி என்ற பெயரே அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. மண்வளத்தைக் கவனிக்காமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும் என்றார். கண்மூடித்தனமாக மருந்து அடிப்பதையும், நிலத்தடி நீரை உறிஞ்சுவதையும், அந்தந்த ஊருக்குப் பழகிய பல ரகங்களை எடுத்துவிட்டு ஓரிரு ரகங்களை எங்கும் வைப்பதையும் அன்றே எச்சரித்தார். எச்சரித்தவர் கொண்டுவந்த ரகங்களே உரமும் நீரும் கேட்டவை என்பதும் உண்மை. பஞ்சாபின் பாசன வயலுக்கு அவை பொருந்தின. உங்கள் ஊர்க் கரிசலுக்கு அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1960-களின் நடுவில் கப்பலில் வந்த கோதுமையைத் தின்று உயிர் பிழைத்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு அவரை வில்லனாக்க என்னால் முடியாது. மானாவாரி விவசாயிக்கு அந்தப் புரட்சி எட்டவில்லை என்பதை மறைக்கவும் முடியாது.

எட்டவில்லை என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஒரு வேளாண் பட்டதாரிதான். பின்னாளில் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் 1960-களில் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? அதே கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் எவ்வளவு உரம், எவ்வளவு இடைவெளி என்று சோதனைப் பாத்திகள் போட்டுக்கொண்டிருந்தார். மழையை நம்பிப் பிழைக்கும், கையில் காசில்லாத விவசாயிக்கு இந்த விலையுயர்ந்த இடுபொருள் சோதனைகளால் என்ன பயன் என்று கேட்டார். பதில் கிடைக்காமல் வெளியேறினார். பிறகு அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வெளியேறும்போது அவர் கேட்ட கேள்வியும் மேலூர்ப் பெரியவர் உங்களிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். அந்தக் கேள்வியோடு நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் வேண்டும் என்பது என் கட்சி. யாரை நம்புவது என்று குழம்ப வேண்டாம். இரண்டு பேரையும் படியுங்கள்.

அப்படி உள்ளே உட்கார்ந்து வேலை செய்தவர்கள் உண்டு. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புழுதி விதைப்பு. அந்த நெல்லுக்குத் தேவை அதிகபட்ச விளைச்சல் அல்ல, இடையில் மழை விட்டுப்போனாலும் செத்துவிடாத பிடிவாதம். அந்த நிலையத்தின் பி.எம்.கே. நெல் ரகங்களும், 2009-ல் வந்த அண்ணா 4-ம் அந்த நிலத்துக்காகவே தேர்வானவை. நூறு நாளை ஒட்டிய வயது, வறட்சி தாங்கும்.

இங்கே நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது, உங்கள் துறைக்கே உரியது. ஆராய்ச்சி நிலையத்தின் பாத்தியில் வேளைக்குத் தண்ணீர் பாயும், களை இருக்காது, உரம் அளந்து போடுவார்கள். அந்தப் பாத்தியில் முதலாவதாக வரும் நெல் அப்படிப்பட்ட பாத்திக்குத்தான் முதல் நெல். ஏழையின் வயல் வேறு மாதிரி. வெகுகாலம் வறட்சியில் விளைச்சலை வைத்துத் தேர்வு செய்வது பலன் தராது என்றே புது ரகங்களை உருவாக்குகிறவர்கள் நினைத்தார்கள். பாத்தியை வேண்டுமென்றே காயப்போட்டு, அதில் எது அதிகம் கொடுக்கிறது என்று நேரடியாகத் தேர்வு செய்தால் முடியும் என்று பிறகு காட்டினார்கள். 2010-ல் ஜார்க்கண்ட், ஒடிசா மேட்டு நிலங்களுக்காக வந்த 'சஹபாகி தான்' என்ற ரகம் அந்த வழியில் வந்த நெல். அதன் தேர்வில் விவசாயிகளும் வயலில் இறங்கி, தங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள்.

விவசாயி வந்து பார்த்தால் விஞ்ஞானி அளக்காததை எல்லாம் அளப்பார். வைக்கோல் எவ்வளவு வரும்? மாடு அதைத் தின்னுமா? சோறு மறுநாள் பழையதாக நிற்குமா, குழைந்துவிடுமா? வியாபாரி இந்த நெல்லைப் பார்த்ததும் விலையைக் குறைப்பானா? குட்டை ரகங்கள் வந்தபோது மூட்டைக் கணக்கு ஏறியது, வைக்கோல் போர் சிறுத்தது. அலங்காநல்லூர்க் காளையைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் அது எந்த ரகத்து வைக்கோலைத் தின்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாடு வைத்திருக்கும் ஏழைக்கு வைக்கோல்தான் பாதி விளைச்சல். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று ஒரு பத்தியை மட்டும் நிரப்பும் ஆராய்ச்சித் தாளில் அந்தப் பாதி கணக்கிலேயே வராது.

விஞ்ஞானியால் ஆகாதவையும் உண்டு. உசிலம்பட்டிக்குத் தண்ணீர் வரவழைக்க முடியாது. கமிஷன் மண்டிக்காரரைத் திருத்த முடியாது. குத்தகைக்காரருக்குப் பட்டா வாங்கித் தர முடியாது. இவற்றை எல்லாம் ஒரு விதை தீர்த்துவிடும் என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்பாவிடம் சண்டை போட வேண்டாம். சுவாமிநாதன் 1948-ல் காவல் பணித் தேர்வில் தேறியவர். அதை விட்டுவிட்டு மரபியல் படிக்க நெதர்லாந்துக்குப் போனார். இதை அப்பாவிடம் சொல்லலாம்தான், ஆனால் எடுபடாது. அவர் அஞ்சுவது வேறு. முதுநிலை, முனைவர் பட்டம் என்று வருடங்கள் போனபிறகு வேலை இல்லாமல் நிற்பீர்களோ என்று. நியாயமான பயம். வங்கித் தேர்வையும் எழுதி வையுங்கள். ஒருவேளை அங்கேதான் போக நேர்ந்தால், புரட்டாசியில் விதைக்கும் கரிசல்காரருக்குக் கடன் கார்த்திகையில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த அலுவலர் ஒருவர் வங்கிக்குக் கிடைப்பார். அதுவும் குறைந்த காரியம் அல்ல.

ஆராய்ச்சிக்கே போவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். வழிகாட்டி உங்களிடம் தலைப்புக் கேட்கும்போது, முந்தைய மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் நெல் தலைப்பு ஒன்று தயாராக இருக்கும். வசதியானது, தரவுகள் சீக்கிரம் கிடைக்கும். அதற்கு முன்னால், குதிரைவாலியின் உமி எந்தெந்த வகைகளில் எளிதாகப் பிரிகிறது என்று பார்க்க அனுமதி கேளுங்கள். நாட்டு வகைகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சோதனைப் பாத்தியில் ஒரு பகுதியை ஒத்தக்கடையில் வைக்காமல் உங்கள் ஊரிலேயே, தண்ணீர் பாய்ச்சாத காட்டில் போடுங்கள். தானிய எடைக்குப் பக்கத்தில் தட்டை எடைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அரைவை ஆலைக்கு மாதிரி கொண்டுபோகும் அன்று உங்கள் ஊரில் இன்னும் உலக்கை பிடிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பெண்களையும் அழைத்துப் போங்கள். எது நல்ல அரிசி என்று அவர்கள் சொல்வதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வழிகாட்டி மறுத்தால் நெல்லையே எடுத்துக்கொண்டு இதைப் பக்கவாட்டில் செய்யுங்கள். ஆடி பிறப்பதற்குள் விதை சேகரித்துவிட வேண்டியிருக்கும்.